"ஆடுமாடுகூட இப்படிச் செய்யாது" – உண்மையில் செய்யாதா?

பரணி

எல்லாருக்கும் வணக்கம். ஓரினச்சேர்க்கை பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வந்து விழும் வாதம் ஒன்று உண்டு: "ஆடுமாடுகூட இப்படிச் செய்யாது, மனுஷன்தான் இயற்கையைக் கெடுத்தான்." சொல்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் இன்ஜினியர்கள், சொந்தக்காரர்கள், எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள். எதிர்ப்பக்கம் பேசுபவர்களோ "1,500 விலங்கினங்களில் இருக்கிறது" என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்த விலங்கு, யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

எனக்கு இது பட்டிமன்றத் தலைப்பு இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். விலங்கியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

கிடைக்காரர் மகன்

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செம்மறிதான். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவது அப்பாவின் தொழில். ஆடு இதைச் செய்யாது என்று சொல்பவர் ஆட்டுப் பக்கமே போகாதவர். கிடா மேல் கிடா ஏறும். குட்டிக் கிடாவும் ஏறும், வளர்ந்த கிடாவும் ஏறும். குட்டி செய்வதை விளையாட்டு என்று விட்டுவிடலாம். ஆனால் சில கிடா இருக்கிறது, பருவத்துக்கு வந்த பெட்டை பக்கத்திலேயே நின்றாலும் முகர்ந்துகூடப் பார்க்காது, இன்னொரு கிடாவையே சுற்றிச் சுற்றி வரும். அப்பா அந்த மாதிரிக் கிடாவை இனத்துக்கு வைக்க மாட்டார், அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடுவார். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசித்தது கிடையாது. இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

விலங்கியல் டீச்சர்

ஆராய்ந்திருக்கிறார்கள் தம்பி. சொல்லப்போனால் இந்த விஷயத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட விலங்குகளில் செம்மறிக் கிடாவுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டுபோய்ஸ் என்ற ஊரில் அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே இது பண்ணைக் கணக்காகத்தான் தொடங்கியது. நல்ல விலை கொடுத்து வாங்கிய பொலிகிடாவைப் பெட்டைகளோடு விட்டும் சினை பிடிக்கவில்லை என்றால் பண்ணைக்காரருக்கு நஷ்டம். நோயா, ஹார்மோன் குறைவா, அனுபவம் போதவில்லையா என்று தேடினார்கள். சோதனையை எப்படி வைத்தார்கள் தெரியுமா? பருவத்துக்கு வந்த பெட்டைகள் இரண்டு, கிடாக்கள் இரண்டு. நான்கையும் அசைய முடியாதபடி சட்டத்தில் நிறுத்திவிட்டு, சோதிக்க வேண்டிய கிடாவை உள்ளே அவிழ்த்துவிடுவது. அது யாரை முகர்கிறது, யார் மேல் ஏறுகிறது என்று எழுதிக்கொள்வது. அதே கிடாவைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது.

பெரும்பாலான கிடாக்கள் பெட்டையிடம் போயின. சில இரு பக்கமும் போயின. சில எதையும் சீண்டாமல் நின்றன. சுமார் 8 சதவீதக் கிடாக்கள் மட்டும் கிடாவையே தேடிப் போயின. பெட்டை கிடைக்காததால் அப்படிப் போயின என்று சொல்ல வழியே இல்லை, இரண்டு பெட்டைகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. அந்தக் கிடாக்களின் ஆண் ஹார்மோன் அளவிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ரோசெல்லி குழு இந்த ஆடுகளின் மூளையைப் பார்த்தது. 2004இல் முடிவு வெளியானது. ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குள் சின்னதாக ஒரு நரம்பணுத் திரள் இருக்கிறது. கிடாவை நாடும் கிடாவில் இருப்பதைவிடப் பெட்டையை நாடும் கிடாவில் அது சுமார் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. கிடாவை நாடும் கிடாவில் ஏறத்தாழப் பெட்டை ஆட்டில் இருக்கும் அளவே இருந்தது. இந்தத் திரளில் ஆண், பெண் வேறுபாடு குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அதனால் "கெட்ட சகவாசத்தில் பழகியது" என்ற விளக்கம் கிடாவுக்கு ஒட்டவே ஒட்டாது.

பெட்டை ஆட்டில் இதே நாட்டம் உண்டா என்று கேட்பீர்கள். அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பருவத்துக்கு வந்த பெட்டை தன் விருப்பத்தைக் காட்டுவதே அசையாமல் நின்றுதான். யாருக்காக நிற்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

சிவநேசன்

டீச்சருக்கு வணக்கம். நான் இந்த உறவுமுறையை ஏற்றுக்கொள்ளாதவன். அதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்கிறேன். செம்மறி மனிதன் வளர்த்து, தேர்ந்து, கலப்புச் செய்து உருவாக்கிய மிருகம். பட்டியில் கிடாக்களைத் தனியாக அடைத்து வளர்க்கிறார்கள். சிறைக்கூடத்தில் நடப்பதை வைத்து இயற்கையை முடிவு செய்யலாமா? காட்டில், கடலில், தன் போக்கில் வாழும் உயிரினம் ஒன்றைச் சொல்லுங்கள்.

விலங்கியல் டீச்சர்

நியாயமான கேள்வி சிவநேசன் சார். ஹவாய்த் தீவுகளுக்குப் போவோம்.

ஓவாஹு தீவின் மேற்கு முனையில் கயெனா முனை என்ற இடத்தில் லேசன் அல்பட்ராஸ் என்ற கடற்பறவை கூடு வைக்கிறது. ஒரு துணையோடு வருஷக்கணக்காகச் சேர்ந்து வாழும் பறவை. பெண் பறவை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதை இரண்டு மாதத்துக்கும் மேல் அடைகாக்க வேண்டும். ஒன்று முட்டை மேல் உட்கார்ந்திருக்க, மற்றது பல நாள் கடலில் இரை தேடிவிட்டு வந்து முறை மாற்றிக்கொள்ளும். தனி ஆளாக இந்த வேலையைச் செய்யவே முடியாது.

இந்தப் பறவையில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சில கூடுகளில் இரண்டு முட்டைகள் கிடப்பதை ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவந்தார்கள். ஒரு முட்டை இடும் பறவையின் கூட்டில் இரண்டு எப்படி வந்தது? லிண்ட்சே யங் குழு டிஎன்ஏ சோதனை செய்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. இரண்டும் பெண். 2008இல் வெளியிட்டார்கள்: 125 ஜோடிகளில் 39 ஜோடிகள் பெண்ணும் பெண்ணும். அதாவது 31 சதவீதம். ஒன்றையொன்று அலகால் கோதிவிடுவது, கூடு காப்பது, குஞ்சுக்கு இரை ஊட்டுவது எல்லாம் மற்ற ஜோடிகளைப் போலவே. கருத்தரிப்பது வேறு ஜோடியில் இருக்கும் ஆணிடம், வளர்ப்பது இந்தத் துணையோடு. இரண்டு முட்டை இருந்தாலும் ஒன்றைத்தான் அடைகாக்க முடியும் என்பதால் அந்த வருஷம் ஒருத்தியின் குஞ்சுதான் வளரும். இப்படி 19 ஆண்டுகள் சேர்ந்திருந்த பெண் ஜோடியும் பதிவாகியிருக்கிறது.

இதன் காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடியிருப்பில் பெண் பறவைகள் 59 சதவீதம். ஆண் போதவில்லை. ஆண்–பெண் ஜோடி அளவுக்கு இந்த ஜோடிகளால் குஞ்சு பொரித்து வளர்க்க முடிவதில்லை. ஆனால் துணையே இல்லாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சிவநேசன்

அப்படியானால் என் பக்கம்தான் வலுக்கிறது. ஆண் கிடைக்காததால் பெண்ணோடு சேர்கிறது. வேறு வழியில்லாமல் செய்வதை நாட்டம் என்று எப்படிச் சொல்வது?

விலங்கியல் டீச்சர்

அல்பட்ராஸைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான். அதை "நாட்டம்" என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் செய்யும் விலங்கு உண்டு. வழி இருந்தும் தன்பாலையே தேர்ந்தெடுக்கும் விலங்கும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "1,500" என்று எண் போடுவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. பூச்சிகள் சிலவற்றில் ஆணா பெண்ணா என்று பிரித்தறியாமலேயே ஏறிவிடுவது நடக்கிறது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்தால் எண்தான் பெருகும், விஷயம் விளங்காது.

வழி இருந்தும் தேர்ந்தெடுப்பதற்கு ஜப்பானியக் குரங்கைப் பாருங்கள். கியோட்டோ அருகே அராஷியாமா என்ற மலைப்பகுதிக் கூட்டத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர் பால் வேஸி. இணைசேரும் பருவத்தில் பெண் குரங்குகள் இரண்டு இரண்டாகச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தே திரியும், சேர்ந்தே தூங்கும், மாறி மாறி ஏறும். ஆண் குரங்கு வந்து அழைத்தாலும் பெரும்பாலும் தன் பெண் துணையை விட்டுப் போகாது. பெண்ணுக்காக ஆணோடு போட்டி போட்டு விரட்டும் பெண் குரங்குகளும் உண்டு. இதனால் கூட்டத்தில் பதவி கூடுகிறதா, சண்டையில் ஆதரவு கிடைக்கிறதா, குட்டி வளர்க்க உதவி கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதுவும் ஒட்டவில்லை. அது இன்பத்துக்காகவே செய்கிறது என்ற முடிவுக்குத்தான் அவர் வந்தார்.

நிலா (சிங்கப்பூர்)

போனோபோ என்ற வாலில்லாக் குரங்கைச் சொல்லாமல் இந்த இழை போகக்கூடாது. சிம்பன்சியைப் போலவே மரபணுவில் நமக்கு மிக நெருங்கிய உறவு. காங்கோ காட்டில் பெண் போனோபோ வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்ச் சேரும். அங்கே அதற்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. மற்ற பெண்களோடு உறுப்பை உரசிக்கொள்வதன் மூலம்தான் உறவு ஏற்படுத்திக்கொள்கிறது. பழுத்த மரம் ஒன்றைக் கண்டதும் சண்டை வரும் என்ற நிலையில் முதலில் இது நடக்கும், அப்புறம்தான் சாப்பாடு. 2019இல் லுயிகோட்டாலே என்ற இடத்தில் செய்த ஆய்வில் சிறுநீரைச் சோதித்தார்கள். பெண்–பெண் உரசலுக்குப் பிறகு ஆக்ஸிடோசின் என்ற பிணைப்பு ஹார்மோன் ஏறியிருந்தது. ஆண்–பெண் உறவுக்குப் பிறகு அப்படி ஏறவில்லை. பெண்கள் ஒன்றுகூடி ஆண்களை அடக்கிவைக்கும் சமூகம் அது. அந்த ஒற்றுமைக்கு அடித்தளமே இதுதான்.

டீச்சரிடம் ஒரு கேள்வி. இவ்வளவு இருந்தும் நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட ஏன் இல்லை?

விலங்கியல் டீச்சர்

பார்த்தவர்களே எழுதாமல் விட்டதுதான் பெரிய காரணம். ஜார்ஜ் மரே லெவிக் என்று ஒரு டாக்டர், ஸ்காட் தலைமையில் அண்டார்ட்டிகா போன குழுவில் இருந்தவர். 1911–12 கோடையில் கேப் அடேர் என்ற இடத்தில் அடேலி பெங்குவின்களை நாள் தவறாமல் கவனித்தார். ஆண் பெங்குவின் ஆணோடு சேர்வதைப் பார்த்து அதிர்ந்துபோய், சாதாரண ஆள் படித்துவிடக் கூடாது என்று அந்தக் குறிப்புகளைக் கிரேக்க எழுத்தில் எழுதினார். பயணத்தின் அதிகாரபூர்வ அறிக்கையில் அந்தப் பகுதியைச் சேர்க்கவில்லை. தனியாக 100 படிகள் அச்சடித்து, "வெளியிடுவதற்கு அல்ல" என்று போட்டு நெருங்கிய வட்டத்துக்குள் மட்டும் சுற்றுக்கு விட்டார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் அதன் ஒரு படி கிடைத்து, 2012இல்தான் உலகம் படித்தது. ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியது நூறு வருஷம் அலமாரிக்குள் கிடந்திருக்கிறது. ஆசிரியராக இருந்த எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம். எத்தனை பேர் எத்தனை நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை அடித்துவிட்டிருப்பார்கள்!

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2023இல் பாலூட்டிகள் மொத்தத்தையும் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. 261 இனங்களில் பதிவு இருக்கிறது. பாலூட்டி இனங்களில் அது 4 சதவீதம் அளவுதான், ஆனால் பாலூட்டிக் குடும்பங்களில் பாதியில் பரவிக்கிடக்கிறது. கூட்டமாக வாழும் இனங்களில் அதிகம். ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இல்லாமல் பரிணாமத்தில் பல தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

நெறியாளர்

தனிநபரைத் தாக்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

சிவநேசன்

எனக்கு இரண்டு தடை இருக்கிறது. முதலாவது, பரிணாமம் என்றால் சந்ததி விடுபவன் குணம்தானே நிற்கும்? சந்ததி தராத நாட்டம் தலைமுறை தலைமுறையாக எப்படி நிலைக்கும்? இரண்டாவது இன்னும் முக்கியம். ராஜஸ்தானில் அபு மலையில் சாரா ஹர்டி என்பவர் 1970களில் மந்திக் கூட்டங்களை ஆராய்ந்தார். புதிதாக வந்து கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண், பழைய ஆணின் குட்டிகளைக் கடித்துக் கொல்கிறது. அதுவும் இயற்கைதான். விலங்கு செய்கிறது என்பதால் நாம் ஏற்றுக்கொள்ள முடியுமா? விலங்கைக் காட்டி மனிதனுக்கு நியாயம் சொல்வது ஆபத்தான பாதை.

விலங்கியல் டீச்சர்

இரண்டாவது தடையை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன் சார். குரங்கு செய்கிறது, அதனால் சரி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் "ஆடுமாடுகூடச் செய்யாது, அதனால் தப்பு" என்று விலங்கை முதலில் சாட்சிக்கு இழுத்தது எந்தப் பக்கம்? சாட்சி வந்து வேறு மாதிரிச் சொன்ன பிறகு, விலங்கின் சாட்சி செல்லாது என்கிறோம். செல்லாது என்றால் இரு பக்கத்துக்கும் செல்லாது. அப்புறம் மிச்சம் இருப்பது மனிதர்களுக்குள் கேட்க வேண்டிய கேள்வி: இதில் யாருக்குக் காயம்? மந்தியின் கதையில் செத்துப்போன குட்டி இருக்கிறது. விரும்பிச் சேரும் இரண்டு பெரியவர்கள் கதையில் அப்படி யார் இருக்கிறார்கள்?

முதல் தடைக்கு வருகிறேன். போர்ட்டோ ரிக்கோ பக்கம் காயோ சாண்டியாகோ என்று ஒரு சின்னத் தீவு. 1938இல் நம் நாட்டிலிருந்து 409 ரீசஸ் குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். அவற்றின் வழிவந்தவை இன்றும் அங்கே சுதந்திரமாகத் திரிகின்றன, யார் யாருக்குப் பிறந்தது என்ற வம்சாவளிப் பதிவோடு. 236 ஆண் குரங்குகளைக் கவனித்து 2023இல் வெளியிட்டார்கள். அவற்றில் 72 சதவீதம் ஆண் மேல் ஏறியிருக்கின்றன. பெண் மேல் ஏறியவை 46 சதவீதம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய ஆண்கள் சண்டை வந்தால் ஒன்றுக்கொன்று துணை நின்றன. இந்தப் பழக்கம் உள்ள ஆணுக்குக் குட்டிகள் குறையவும் இல்லை. அதில் ஒரு சிறு பங்கு, 6.4 சதவீதம், மரபுவழி வருவதாகக் கணக்கிட்டார்கள். ஆக "இது இருந்தால் சந்ததி கிடையாது" என்பது அங்கே பொய்த்துப்போகிறது, ஏனென்றால் அதே குரங்கு இரண்டையும் செய்கிறது. ஆனால் இதை அப்படியே மனிதனின் நாட்டத்துக்குப் பெயர்த்துவைக்கக் கூடாது.

மனிதனைப் பற்றித் தனியாகத்தான் சொல்ல வேண்டும். 2019இல் 4,77,000 பேருக்கு மேல் எடுத்து மரபணுவை ஆராய்ந்தார்கள். "இதுதான் அந்த ஜீன்" என்று எதுவும் இல்லை. மரபணுத் தொகுதியில் தெளிவாகத் தெரிந்த ஐந்து இடங்கள், அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விளைவுகள். இந்த நடத்தையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எல்லாம் சேர்ந்து 8 முதல் 25 சதவீதம் வரை விளக்குகிறது. ஒருவரின் மரபணுவைப் பார்த்து அவர் யாரை நாடுவார் என்று சொல்ல முடியாது. இப்படிச் சிதறிக்கிடக்கும் ஒன்றை இயற்கைத் தேர்வு வந்து ஒரே வெட்டாக வெட்டிப்போட முடியாது.

இன்னொரு விஷயம் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன்கள் கூடக்கூட, தம்பி ஆணை நாடும் வாய்ப்பு ஒவ்வோர் அண்ணனுக்கும் மூன்றில் ஒரு பங்கு போலக் கூடுகிறது. ரே பிளான்ச்சார்டும் ஆண்டனி போகார்ட்டும் கண்டது. ஒரே வீட்டில் வளர்ந்த தத்து அண்ணன்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. பிரிந்து வேறு வீட்டில் வளர்ந்த சொந்த அண்ணன் வருகிறார். வளர்ப்பை விட்டுவிட்டுக் கருப்பையைத்தான் இது காட்டுகிறது. ஆண் கருவின் ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்பது விளக்கம். 2018இல் அதற்கு ஆதரவாக ஒரு ஆய்வும் வந்தது.

பெயர் வேண்டாம்

இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் தன்பாலீர்ப்பாளன். வீட்டில் மூத்தவன், எனக்கு அண்ணனே கிடையாது. அதனால் அண்ணன் கணக்கு என்னை விளக்கவில்லை. டீச்சர் சொன்ன எதையும் மறுக்கவில்லை, நன்றியோடுதான் படிக்கிறேன். ஆனால் உள்ளே ஒரு பயம் இருக்கிறது.

எனக்கு 19 வயதில் வீட்டுக்குத் தெரிந்துபோனது. ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் அம்மாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மூளையில் ஒரு குறைபாடு, மாத்திரையில் சரிபண்ணலாம்." மாத்திரை கொடுத்தார். பகல் முழுக்கத் தூங்கினேன், கை நடுங்கியது, ஒரு செமஸ்டர் போனது. நாட்டம் அப்படியே இருந்தது. ஆக, "இது பிறவியிலேயே வருவது" என்று அவரும்தான் நம்பினார். நம்பியதால் என்னை விடவில்லை, சரிசெய்யக் கிளம்பினார்.

நிலா (சிங்கப்பூர்)

அந்தப் பயம் வீண் இல்லை. டீச்சர் சொன்ன அதே செம்மறி ஆராய்ச்சியைப் பற்றியே அந்தப் பயம் எழுந்தது. 2006இல் டென்னிஸ் வீராங்கனை மார்டினா நவ்ரத்திலோவா அந்த ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஆட்டின் நாட்டத்தை மாற்றக் கற்றுக்கொண்டால் அடுத்தது மனிதன்தானே என்பது அவர் கவலை. மாற்றுவது எங்கள் நோக்கமே இல்லை என்று விஞ்ஞானிகள் மறுத்தார்கள். நான் ஆராய்ச்சி பக்கம்தான் நிற்பேன், ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

பரணி

பிறகு சொல்கிறேன் என்றேன் இல்லையா. என் சித்தப்பா பையன், 22 வயது. போன மாதம் அவன் போனில் எதையோ பார்த்துவிட்டார்கள். சித்தப்பா இப்போது ஒரு "நல்ல டாக்டரை"த் தேடிக்கொண்டிருக்கிறார். அடித்துத் துரத்தும் ஆள் இல்லை அவர், பிள்ளைக்கு வியாதி வந்துவிட்டது என்று உண்மையிலேயே அழுகிறார். அவரிடம் "ஆட்டிலும் இருக்கிறது சித்தப்பா" என்று ஆரம்பிக்கத்தான் இந்த இழையைத் திறந்தேன். இப்போது பெயர் வேண்டாம் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எதை முதலில் சொல்வது என்றே புரியவில்லை.

சிவநேசன்

பரணி தம்பி, என் நம்பிக்கையில் மாற்றமில்லை. ஆனால் பெயர் வேண்டாம் எழுதியதைப் படித்தேன். வியாதி இல்லாத பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பதற்கு என் நம்பிக்கையை யாரும் துணைக்கு அழைக்க வேண்டாம். உங்கள் தம்பியை அங்கே அனுப்பாதீர்கள்.

பெயர் வேண்டாம்

பரணி, ஆட்டிலிருந்து ஆரம்பிக்காதே. தம்பியிடமிருந்து ஆரம்பி. அப்பாவிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது, யாருக்குத் தெரியலாம் என்று அவனைக் கேள். எனக்காகப் பேச வந்த மாமா ஒருத்தர் நல்ல எண்ணத்தில் பேசிப் பேசியே விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார். அவனுக்கு இப்போது முதலில் தேவை, கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் இடமும், படிப்போ வேலையோ நிற்காமல் இருப்பதும். உன் வீட்டில் கொஞ்ச நாள் தங்க முடியுமா என்று பார். சித்தப்பா அமைதியாகி, "ஏன் இப்படி ஆச்சு" என்று அவரே கேட்கும்போது டீச்சரின் கிடாவைச் சொல். அப்போது அது பெரிய ஆறுதல். என் அம்மாவுக்கு யாராவது சொல்லியிருந்தால் "நான் வளர்த்த முறைதான் தப்போ" என்று இத்தனை வருஷம் அழுதிருக்க மாட்டாள்.

வழக்கறிஞர் மதுரை

சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். மெக்காலே தலைமையில் வரைவு எழுதி 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உறவு என்றுதான் குற்றத்தை வரையறுத்தது. இந்த இழையின் கேள்வியையே ஒரு சட்டம் பதில் எழுதி முடித்து வைத்திருந்தது என்று சொல்லலாம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது, 2013இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது, 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக, விரும்பிச் சேரும் பெரியவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நிற்பது சமத்துவம், கண்ணியம், அந்தரங்கம் என்ற உரிமைகள் மேல். நாளைக்கே எந்த ஆய்வு மாறினாலும் அது ஆடாது.

டாக்டர் விஷயம் இன்னும் நேரடியானது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவைப் படியுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்கள் வழக்கு. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாக எழுதி, ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதிய உத்தரவு அது. நாட்டத்தை "மாற்றும்" சிகிச்சைக்குத் தடை அதில்தான் வந்தது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிச் சிகிச்சை செய்வது தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

பரணி

நன்றி அண்ணா. தம்பியிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை என் அறைக்கு வருகிறான், சித்தப்பாவும் சம்மதித்துவிட்டார். ஆனால் டாக்டரிடம் நேரம் வாங்கியது வாங்கியதுதான், அடுத்த வாரம். "ஒரே ஒரு தடவை காட்டிவிடலாம்" என்கிறார். தம்பி முடியாது என்று சொன்னால் கட்டாயப்படுத்தி அட்மிட் செய்ய முடியுமா?

வழக்கறிஞர் மதுரை

இதற்காக முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். ஊரின் ஒழுக்கத்துக்கோ சமய நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது. தம்பிக்கு 22 வயது, முடிவு அவனுடையது. அவனாக விரும்பிப் போனால் நீங்களும் கூடவே போங்கள். எழுதிக்கொடுக்கும் சீட்டை வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். மாற்றுகிறேன் என்று டாக்டர் மாத்திரையோ வேறு சிகிச்சையோ எழுதினால், அந்தச் சீட்டோடு தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குத் தம்பி பெயரில் புகார் எழுதலாம். வரைவு நான் எழுதித் தருகிறேன், தனிமடலில் வாருங்கள்.